தங்கையின் ஸ்லைட்டில் என் பெயர்

1

இதை எழுதலாம் என்று ஜெஸீமா சொல்லிவிட்டாள். பெயரை மாற்றக் கூடாது என்பது அவள் போட்ட கண்டிஷன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் அவளைப் பற்றி இனிப் பயமில்லாமல் கதைக்கலாம். நான்தான் இன்னும் பயந்துகொண்டு எழுதுகிறேன்.

ஜெஸீமா என் தங்கை. சாய்ந்தமருதில், எங்கள் உம்மா அவளுக்குக் கொடுத்த வீட்டில் இருக்கிறாள். நான் வட இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்போம். நான் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவள் அங்கே கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த ஊர்க்கதைகளை அவிழ்ப்பாள். யார் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள், யார் வீட்டில் பேச்சு முறிந்தது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் வரும். எனக்கு அது செய்தி வாசிக்கிற மாதிரி.

அந்த ஞாயிறு அங்கே நல்ல வெக்கை. தலையை மூடும் முந்தானைத் துணியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தாள். மகள் அப்றாவுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூச்சு விடாமல் கதைத்து, தொண்டை வறண்டு, ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அப்போதுதான் கண்டேன். கழுத்தின் இடது பக்கம், ஒரு கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ ஒன்று, அவள் விழுங்கும்போது மேலே போய்க் கீழே வந்தது.

என் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டேன்.

"இன்னொருக்காக் குடி புள்ள."

"என்னத்த ராத்தா?"

"தண்ணிய. போனக் கிட்டக் கொண்டு வா."

அவள் குடிக்கவில்லை. கதிரையில் கிடந்த முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றினாள். அந்த ஒரு அசைவிலேயே எனக்கு விளங்கிவிட்டது, அவளுக்குக் கன நாளாகத் தெரியும் என்று. கேட்டதற்கு, அது சும்மா ஒரு கட்டி, நோவதேயில்லை என்றாள். நோவில்லை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. என்னைப் போன்ற டொக்டர்களுக்கு நோகாத கட்டி மேல்தான் சந்தேகம்.

2

நான் என்ன டொக்டர் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருக்கு வந்தால் நாடி பார்க்கக் கை நீட்டுவார்கள். கடைசியாக எப்போது ஒருவருடைய நாடியைப் பிடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. நான் கலநோயியல் நிபுணர், செல் என்கிற உயிர்க்கலங்களைப் பார்த்து நோய் சொல்பவள். கட்டியில் ஊசி குத்தி எடுத்ததையோ, நுரையீரல் நீரையோ, சிறுநீரையோ ஸ்லைட் என்று சொல்லும் சின்னக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமிட்டு அனுப்புவார்கள். நான் நுணுக்குக்காட்டியில் பார்த்து, இந்தக் கலங்கள் நல்லவையா கெட்டவையா என்று எழுதுவேன். அவ்வளவுதான். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் நோயாளிக்குத் தெரியாது.

இந்தத் துறைக்குள் என்னைக் கொண்டுவந்தது பயம். கல்முனையில் படித்து, கண்டியில் மருத்துவம் முடித்து, பயிற்சி டொக்டராக வார்டில் நின்ற காலத்தில் எனக்கு எந்த வேலையும் பயமில்லை. இரத்தம் பயமில்லை, பிரேதம் பயமில்லை. வெளியே வாங்கில் குந்தியிருக்கிற சொந்தக்காரரிடம் போய்ச் செய்தி சொல்லத்தான் பயம். ஒருமுறை மலசலகூடத்துக்குள் ஒளிந்து நின்றேன். தாதி ஒருத்தி போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு, செய்தியைத் தாளில் எழுதி அனுப்பும் வேலை எங்கே இருக்கிறது என்று தேடினேன். நோயியலில் இருந்தது.

கொழும்பில் பட்டமேற்படிப்பு. முதலில் திசுவெல்லாம் பார்த்தோம். பிறகு கலங்கள். ஊசி எடுத்த கையோடு ஸ்லைட்டில் இழுத்து, அடுத்த மூச்சுக்குள் ஸ்பிரிட்டில் போட வேண்டும். காற்றில் காய்ந்தால் கலங்கள் ஊதிப் போய் நல்லதும் கெட்டதாகத் தெரியும். அந்த அவசரம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சொட்டுக்குள் ஒரு மனிதருடைய நாளை இருக்கிறது என்கிற எண்ணம் அப்போது பெருமையாக இருந்தது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது நான் அந்தப் பயிற்சியில்தான் இருந்தேன். ஊருக்கு ஓடி வந்து கண்டது வேறு. பெயர் சொல்ல ஆளில்லாமல் எத்தனை மையித்துகளை அடக்கினோம் என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பெயர் என்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியக்காரியாகிவிட்டேன். ஸ்லைட்டை எடுத்தால் கலத்தைப் பார்க்க முன்னம் பெயரைப் பார்ப்பேன்; தாளிலுள்ள பெயரோடு ஓர் எழுத்து ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கிலாந்துக்கு வந்து, ஏற்கெனவே எழுதிய பரீட்சைகளைத் திரும்ப முதலிலிருந்து எழுதி, என்னைவிட இளையவர்களிடம் "இன்னொரு முறை சொல்லுங்கள், விளங்கவில்லை" என்று கேட்டுக் கேட்டு நிபுணராகிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் பெயர் பொருந்தாத ஸ்லைட்டை யாரும் பார்க்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததே நான்தான். பின்னால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், பரவாயில்லை.

3

பத்து நாள் சண்டை பிடித்து, அழுது, உம்மாவின் பெயரால் சத்தியம் வாங்கி, ஜெஸீமாவை ஊசி எடுக்க அனுப்பினேன். கல்முனையில் ஒரு தனியார் இடம். முடிவு வந்ததும் போனில் படமெடுத்து அனுப்பினாள். சந்தேகத்துக்குரிய கலங்கள், இன்னொரு நிபுணரிடமும் காட்டவும் என்று எழுதியிருந்தது. நான் அதை உடனே வாசிக்கவில்லை. வழக்கம்போல முதலில் பெயரைத்தான் பார்த்தேன்.

சுஹைறா இஸ்மாயில் என்று, என் பெயர் இருந்தது. வயதும் என்னுடையது.

அனுப்பிய டொக்டர் என்று என் விபரத்தைக் கேட்டு, ஆய்வுகூடத்துக்காரர் யாரோ அதை நோயாளியின் இடத்தில் பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உடனே எடுத்து, போய்ச் சண்டை பிடி என்று கத்தினேன். நான் கத்தி முடிந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"கவுண்டர்ல இருந்தது அப்றாட மாப்பிளட மாமிட மகள், ராத்தா. நான் மூஞ்ச மூடியிருந்த, அவக்கு என்னத் தெரியல்ல. பேரு என்னண்டு கேட்டா. வாயில வந்தது உங்கட பேருதான். நீங்க லண்டன்ல இரிக்கிற. உங்கள ஆரு தேடப் போற?"

ஊருக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

அவள் பயந்தது எதற்கென்று எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. அப்றாவுக்காக அவள் மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பி, யன்னல் போடுவதுதான் பாக்கி. நோயை நாங்கள் வருத்தம் என்போம். இந்த வருத்தம் தாய்க்கு இருக்கிறது என்று காற்றுவாக்கில் போனாலே போதும், நாளைக்கு மகளுக்கும் வருமே என்று கணக்குப் போடுவார்கள். எங்களூரில் இதற்குப் பெயர் கூட இல்லை. "அந்த வருத்தம்" என்பார்கள், அதையும் மெதுவாகத்தான்.

கோடைப்போக நெல் வெட்டி முடிய நிக்காஹ். அது முடியட்டும், அதற்குப் பிறகு என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், அதுவரை உங்கள் பெயரிலேயே கிடக்கட்டும் என்றாள். இரவல் சட்டை கேட்கிற மாதிரிக் கேட்டாள். ஸ்லைட்டையாவது அனுப்பு என்றேன். மன்செஸ்டருக்கு வந்த ஒரு சொந்தக்காரர் மூலம், மஸ்கட் இனிப்புப் பெட்டிக்குள், பேப்பரில் சுற்றி வந்து சேர்ந்தது. மஸ்கட் எண்ணெய் கண்ணாடியின் ஓரத்தில் பட்டிருந்தது. துடைத்தேன். பெயர் அழியவில்லை.

4

சொந்தக்காரருடைய ஸ்லைட்டைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். கண் தான் விரும்பியதைக் காணும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதும், அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தேன். கடைசியில், பக்கத்து அறையில் இருக்கும் ஹெலனிடம் கொண்டுபோனேன். கன காலம் கூட வேலை செய்தவர், நிதானமானவர். ஊரிலிருந்து வந்தது, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவர் வழக்கப்படி முதலில் பெயரைப் பார்த்தார். நான் பழக்கிய பழக்கம். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்லைட்டை வைத்துக் குனிந்தார்.

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்கள் கலத்தைப் பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது, ஸ்லைட்டை நகர்த்தும் விரலில்தான் தெரியும். நல்ல ஸ்லைட் என்றால் விரல் நிற்காமல் ஓடும். ஹெலனின் விரல் ஓடியது, நின்றது, வந்த வழியே திரும்பியது. இன்னும் பெரிதாகக் காட்டும் வில்லையைத் திருப்பினார். அங்கேயே நின்றுவிட்டார். அவர் என்ன காண்கிறார் என்று எனக்குத் தெரியும். வெளிறின கருக்கள், ஒவ்வொன்றிலும் கோப்பிக் கொட்டையில் இருக்கிற மாதிரி நடுவில் ஒரு கோடு. எத்தனையோ பேருக்கு நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். கதிரையை என் பக்கம் இழுத்தார்.

இங்கே என்னை டொக்டர் இஸ்மாயில் என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் வாப்பாவின் பெயர். குடிவரவுப் படிவத்தில் கடைசியாக இருந்ததால் அது என் பெயராகிவிட்டது. திருத்தப் போய்க் களைத்து விட்டுவிட்டேன். சுஹைறா என்று இந்தக் கட்டடத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஹெலன் கூப்பிட்டார். சுஹைறா, உட்காருங்கள் என்றார்.

பிறகு சொன்னார். தைரொய்ட் புற்றுநோய் என்று, மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு. இது நல்ல முறையில் சுகப்படுத்தக்கூடிய வகை, உங்களுக்கே தெரியும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். யாரை வரச் சொல்லட்டும், வேறு நகரத்தில் படிக்கும் உங்கள் மகளுக்கு நான் போன் பண்ணவா என்று கேட்டார்.

எனக்கில்லை, என் தங்கைக்கு என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். என் கை தானாகப் போய் என் கழுத்தைத் தடவியது. மகள் யாரோடு இருப்பாள், அடுப்பில் வைத்த பருப்பு என்ன ஆனது, சாய்ந்தமருது மையவாடியில் இடம் கிடைக்குமா, இங்கேயே அடக்கிவிடுவார்களா என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடியது. வாங்கில் குந்தியிருந்த அந்த மனிதர்களிடம் நான் போய்ச் சொல்லாமல் ஒளிந்தேனே, அவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். இத்தனை காலம் நான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கதிரை இருந்திருக்கிறது.

தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதைக் குடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். ஹெலன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் அங்கே எந்தப் பெயருக்கு ஒப்பரேஷன் செய்வார்கள்?

யாருக்கும் செய்ய மாட்டார்கள். அடையாள அட்டையில் ஜெஸீமா, முடிவில் சுஹைறா. எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் கத்தியைத் தொட மாட்டார். பெயர் மாறிய ஸ்லைட்டைத் திருத்தவும் முடியாது. சொந்தப் பெயரில் திரும்ப ஊசி எடுக்க வேண்டும். முதல் முடிவின் பிழையையும் ஒத்துக்கொள்ள, அதே இடத்தில், அதே கவுண்டரில்.

5

ஜெஸீமா அசையவில்லை. நிக்காஹ் முடியட்டும் என்கிற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு வந்த வருத்தத்தை எனக்கு வந்ததாக என்னிடம் சொன்னார்கள், உன்னுடைய பயத்தை நான் பட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அழுதாள். அழுதுவிட்டு, கெஞ்சிக் கேட்கிறேன் ராத்தா என்றாள்.

"என்ட கழுத்த வெட்டினா உன்ட கட்டி போகுமா புள்ள?"

போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளை வாசித்ததற்கான அடையாளம் விழும், பதில் வராது. ஸ்லைட்டில் கண்ட கலங்கள் இந்த நேரம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குத்தானே என்னைப் படிப்பித்தார்கள்.

ஆனால் ஜெஸீமா ஒரு விஷயத்தில் கணக்குப் பிழைத்துவிட்டாள். லண்டனில் இருப்பவளை யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தாள். லண்டனில் இருப்பவளைத்தான் ஊர் முழுக்கத் தேடும். கவுண்டரில் இருந்த பிள்ளை அந்தப் பெயரை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். நான் முகத்தை மூடி ஒளித்து வந்து ஊசி எடுத்துவிட்டுப் போனதாகக் கதை கிளம்பியது. முதலில் நிந்தவூரிலிருந்து தூரத்து மாமி ஒருத்தி எடுத்து, மகளே, அல்லாஹ் பெரியவன் என்று விம்மினாள். அடுத்த நாள் பழைய வகுப்புத் தோழி. பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து, பள்ளியில் துஆக் கேட்டிருக்கிறோம் என்று செய்தி. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அவளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

என் மகள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழ் வாசிக்கத் தெரியாது. குடும்பக் குழுவை வருடக்கணக்காகத் திறந்தே பார்க்காதவள். அவளுடைய போனுக்கும் யாரோ எழுதியிருக்கிறார்கள், உம்மாவின் வருத்தத்தை அல்லாஹ் சுகமாக்குவான் என்று. போன் அதை மொழிபெயர்த்து, உன் தாயின் கவலை நீங்கட்டும் என்று காட்டியிருக்கிறது. எனக்கு மனச்சோர்வு என்று நினைத்து, முதல் ரயிலில் வந்து வாசலில் நின்றாள். உண்மையைச் சொன்னேன். ஏன் உங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். உங்கள் ஆட்கள் என்றாள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

அன்று பின்னேரம் அப்றா எடுத்தாள். பல்லைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். உம்மாவிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுகிறா, நீங்களாவது சொல்லுங்கள் என்றாள்.

"பெரியும்மா, உங்களுக்கு அந்த வருத்தமா?"

ஓம் என்றால் பொய். இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும். அதற்குப் பதில் சொல்ல ஜெஸீமா எனக்கு அனுமதி தரவில்லை. எந்தப் பிள்ளைக்காக இவ்வளவும் மறைக்கப்பட்டதோ அந்தப் பிள்ளைதான் கேட்கிறது. ஒளிந்துகொள்ள மலசலகூடம் இல்லை. சொல்லாமல் விட்டால் என் தங்கையின் மையித்துக்குத்தான் ஊருக்கு வர வேண்டியிருக்கும் என்று நினைத்ததும் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"மகள், ஒரு வேல செய். உம்மாக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடு. முந்தானயக் கழட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்லு. நீ முன்னுக்கு நிண்டு பாத்துக்கிட்டு இரி."

"ஏன் பெரியும்மா?"

"பாரு. பாத்திட்டு எனக்கு எடு."

அவள் எடுக்கவில்லை. இருட்டியது. என் மகள் பருப்பைச் சுட வைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நானும் அவளும் மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

6

நான் இதை எழுதும் நேரத்தில் ஜெஸீமாவுக்கு ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். டிக்கட் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை. மேல்மாடிக்கு யன்னலும் போடவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத ஆசைதான். ஆனால் என் தொழிலில், காணாததை எழுதப் பழக்கவில்லை. கேட்டதை எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்கச் சொன்ன அன்றிலிருந்து மூன்றாம் நாள் அப்றா எடுத்தாள். இங்கே மத்தியானம், அங்கே பின்னேரம். நான் ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன். கல்முனைக்கு வந்திருக்கிறோம், கேட்டுக்கொண்டிருங்கள் பெரியும்மா என்று மட்டும் சொல்லி, போனை அணைக்காமல் கைப்பைக்குள் போட்டாள். காற்றாடிச் சத்தம் கேட்டது. நம்பர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரு குழந்தை அழுதது. பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல் கிட்டத்தில் வந்தது.

"பேரு?"

காற்றாடி மட்டும் சுற்றியது. தங்கை என் பெயரைத்தான் சொல்லப் போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்றா பக்கத்தில் நின்றும் பயனில்லை, கடைசி நேரத்தில் அந்தப் பயம் வந்துவிடும், எனக்குத் தெரியாதா. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெஸீமா," என்றாள். "சாய்ந்தமருது. இஸ்மாயில்ட மகள் ஜெஸீமா."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றிருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் குரல் சின்னதாகிவிட்டது.

"அப்றாட உம்மாவா?"

"ஓம் மகள். முந்தியும் நான்தான் வந்த. ராத்தாட பேரச் சொல்லிட்டன். அது என்ட வருத்தம்."

பிறகு அந்தப் பிள்ளை, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக, வயது என்ன என்று கேட்டது.

ஜெஸீமா குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.